பயிற்சியாளர் யார்? ஊக்குநர் யார்?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது நம் கூட்டமைப்பில் பல குழுக்களில் ஊக்குநர், பிரதிநிதிகளை மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருக்கும். போன மாதம் ஒரு குழுவின் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்தது, கடன் தவணை முடிந்தது. அடுத்த தீர்மானம் புது ஊக்குநர் தேர்வு. அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "அவங்க நல்லா பேசுவாங்க." "இவங்க படிச்சவங்க." "அவ எங்க தெருவே இல்ல, அவளுக்கு எதுக்கு?" "பழைய ஊக்குநர் ஒரு தடவை தவணை கட்ட மறந்தவங்கதானே!" ஒரு மணி நேரம் ஆகியும் முடிவு வரவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினரின் மகள், பள்ளியில் கால்பந்து ஆடுகிறவள், சிரித்தாள். "என்னம்மா சிரிக்கிற?" என்று கேட்டோம். "ஒண்ணுமில்லக்கா. ஃபுட்பால்லயும் இதே சண்டைதான். டீமுக்கு யார் கோச்சுன்னு ஊரே சண்டை போடும்" என்றாள்.

அந்தப் பெண் சொன்னது எங்களை யோசிக்க வைத்தது. அந்தச் சண்டை பெரிய அளவில் நடந்த ஒரு நாட்டின் கதையைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம். நாடு அமெரிக்கா. அணி, அந்த நாட்டின் பெண்கள் கால்பந்து அணி.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை

கால்பந்தில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். ஆட்டம் 90 நிமிடம. எதிரணியின் கோல் கம்பத்துக்குள் பந்தை அடித்தால் ஒரு கோல். கம்பத்தைக் காவல் காப்பவர் கோல் கீப்பர். கையால் பந்தைப் பிடிக்க அவருக்கு மட்டும்தான் அனுமதி. ஆட்டம் சமமாக முடிந்து, வெற்றி தோல்வி தெரிந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு அணியும் மாறி மாறிக் கம்பத்தைப் பார்த்து அடிப்பார்கள். அதில் யார் அதிகம் போட்டார்களோ அவர்களுக்கு வெற்றி.

பயிற்சியாளர், அதாவது கோச், மைதானத்தில் இறங்கி ஆடமாட்டார். ஆனால் யார் ஆட வேண்டும், யார் வெளியே உட்கார வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர்தான். வெற்றி வந்தால் பேர் ஆடியவர்களுக்கு. தோல்வி வந்தால் பழி கோச்சுக்கு. நம் ஊக்குநர்களுக்கு இது நன்றாகவே புரியும்!

ஒரே ஒரு தோல்வி

அமெரிக்கப் பெண்கள் அணி சாதாரண அணி இல்லை. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991-ல் சீனாவில் நடந்தது. அதை வென்றவர்கள் இவர்கள்தான். 1999-ல் மறுபடியும் வென்றார்கள். அந்த இறுதி ஆட்டத்தை மைதானத்துக்கே வந்து பார்த்தவர்கள் 90,000 பேருக்கு மேல்.

2005-ல் கிரெக் ரயன் என்பவர் கோச்சாக வந்தார். அவர் காலத்தில் அணி 45 ஆட்டங்களில் வென்றது, 9 ஆட்டங்கள் சமம், தோல்வி ஒன்றே ஒன்று. அந்த ஒரு தோல்வியில் அவருடைய வேலை போய்விட்டது!

நடந்தது இதுதான். 2007-ல் சீனாவில் உலகக் கோப்பை. அணியின் கோல் கீப்பர் ஹோப் சோலோ, 26 வயது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட உள்ளே விடவில்லை. அடுத்தது பிரேசிலோடு அரையிறுதி. அந்த ஆட்டத்துக்கு ரயன் திடீரென்று சோலோவை உட்கார வைத்துவிட்டு, 36 வயதான மூத்த கோல் கீப்பர் பிரியானா ஸ்கரியை இறக்கினார். ஸ்கரி 1999-ல் கோப்பை வென்ற அணியில் ஆடியவர், பிரேசிலுக்கு எதிராக முன்பு நன்றாக ஆடியவர். அதனால்தான் இந்த மாற்றம் என்பது கோச்சின் கணக்கு. ஆனால் ஸ்கரி பல வாரங்களாக முழு ஆட்டம் ஆடியிருக்கவில்லை.

செப்டம்பர் 27 அன்று ஆட்டம். அமெரிக்க வீராங்கனை ஒருவரின் கால் பட்டுப் பந்து தங்கள் கம்பத்துக்குள்ளேயே போய்விட்டது. இன்னொரு வீராங்கனை சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். 4-0 என்று தோற்றார்கள். எல்லாம் கோல் கீப்பர் தப்பு என்று சொல்ல முடியாது.

ஆட்டம் முடிந்ததும் சோலோ கேமராவுக்கு முன்னால் வாய் திறந்தார். கோச்சின் முடிவு தவறு என்றார். நான் நின்றிருந்தால் அந்தப் பந்துகளைப் பிடித்திருப்பேன் என்றும் சொன்னார். கோச்சைக் குறை சொன்னது ஒரு பக்கம். கூட ஆடும் மூத்த அக்காவை ஊரறியச் சிறுமைப்படுத்தியது இன்னொரு பக்கம். அணிக்குள் கோபம் வெடித்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சோலோவைச் சேர்க்கவில்லை. ஊர் திரும்பும்போதுகூட அணியோடு கூட்டிப் போகவில்லை.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அமெரிக்கா வென்றது. ஆனாலும் சில வாரங்களில் ரயனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று அந்த நாட்டுக் கால்பந்து சம்மேளனம் முடிவு செய்தது.

அடுத்த கோச் யார்?

இந்தக் கேள்வி வந்தாலே ரசிகர்கள் பல கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பெண்கள் அணிக்குப் பெண்தான் கோச்சாக இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். ஆணோ பெண்ணோ, ஜெயித்துக் கொடுத்தால் போதும் என்பார்கள் சிலர். நம் நாட்டுக்காரர்தான் வேண்டும் என்று ஒரு பேச்சு. பெரிய பேர் எடுத்தவர்தான் வேண்டும் என்று இன்னொரு பேச்சு. பழைய வீராங்கனைக்குத்தான் அணியின் வலி தெரியும் என்று வேறொரு பேச்சு.

தோழிகளே, இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லோரும் ஆளைப் பற்றியே பேசுகிறார்கள். இப்போது அணிக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. அன்றைக்கு அந்த அணிக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. 51 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல் வந்த அணி அது. தேவைப்பட்டது வேறு. உடைந்துபோன மனசுகளை ஒட்ட வைக்க ஓர் ஆள் வேண்டும்.

2007 நவம்பரில் வந்தவர் பியா சுந்தஹாகே. பெண், ஆனால் அமெரிக்கர் இல்லை, சுவீடன் நாட்டுக்காரர். தன் நாட்டு அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடியவர். வீராங்கனைகளை முதன்முதலாகச் சந்தித்த கூட்டத்தில் அவர் பெரிய உபதேசம் எதுவும் செய்யவில்லை. கிதாரை எடுத்து ஒரு பாட்டுப் பாடினார். காலம் மாறுகிறது என்று சொல்லும் பாட்டு அது. வீராங்கனைகள் ஆச்சரியப்பட்டுப் போனார்கள்.

பிறகு கஷ்டமான வேலையை எடுத்தார். ஜெயிக்க வேண்டும் என்றால் நல்ல கோல் கீப்பர் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். சோலோவைத் திரும்ப அணிக்குள் கொண்டுவந்தார். நடந்ததை யாரும் மறக்க வேண்டாம், ஆனால் மன்னித்துவிட்டு முன்னே போக வேண்டும் என்பதுதான் அவர் பிடித்த வழி.

2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக். போட்டிக்கு முன்பே முக்கிய வீராங்கனை ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. முதல் ஆட்டத்தில் நார்வேயிடம் 2-0 என்று தோற்றார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது யார் தெரியுமா? அதே பிரேசில். கம்பத்தில் நின்றது யார்? அதே சோலோ. பிரேசிலை ஒரு கோல்கூடப் போட விடவில்லை. கூடுதல் நேரத்தில் கார்லி லாயிட் ஒரு கோல் போட்டார். தங்கப் பதக்கம் அமெரிக்காவுக்கு! ஓராண்டுக்குள் நடந்த மாற்றம் இது. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் சுந்தஹாகே அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

ஆணா, பெண்ணா?

இது நம் கூட்டங்களிலும் வரும் கேள்விதான். வரலாற்றைப் பார்ப்போம். 1991 கோப்பை வென்றபோது கோச் ஆன்சன் டோரன்ஸ். 1999-ல் டோனி டிசிக்கோ. இருவரும் ஆண்கள். 2004 ஒலிம்பிக் தங்கத்தின்போது ஏப்ரல் ஹைன்ரிக்ஸ். இவர் 1991 அணிக்குக் கேப்டனாக இருந்த பெண். 2008, 2012-ல் சுந்தஹாகே. 2015, 2019 உலகக் கோப்பைகளின்போது ஜில் எல்லிஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தின்போது எம்மா ஹேய்ஸ். இவர்களும் பெண்கள். ஆண்களும் ஜெயித்தார்கள், பெண்களும் ஜெயித்தார்கள்.

'அப்போ யாரா இருந்தா என்ன?' என்று விட்டுவிடலாமா? கூடாது. இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2023 பெண்கள் உலகக் கோப்பைக்கு வந்த அணிகள் 32. அதில் பெண் கோச் இருந்த அணிகள் 12 மட்டுமே. ஆடுவதெல்லாம் பெண்கள், நடத்துவது பெரும்பாலும் ஆண்கள். ஏன்?

அமெரிக்காவில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் பள்ளி, கல்லூரிகளில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்பது சட்டம். அதன்பின் பெண் பிள்ளைகள் விளையாடுவது பல மடங்கு பெருகியது. நல்ல விஷயம்தானே? ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளை நடத்திய கோச்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். சம்பளமும் பெரிதாக இல்லை, மதிப்பும் இல்லை, இழுத்துப்போட்டுச் செய்தார்கள். சட்டம் வந்து, பணமும் மதிப்பும் வந்ததும் அந்த வேலைக்கு ஆண்கள் வந்தார்கள். பெண் கோச்சுகள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள்.

இதைப் படித்தபோது எங்களுக்கு நம் குழுக்கள்தான் கண்முன் வந்தன. சம்பளம் இல்லாதபோது கணக்கு நோட்டு யார் கையில் இருந்தது? ராத்திரி அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து எழுதியது யார்? நம் பெண்கள்தான். மதிப்பூதியம் என்று ஒன்று வந்த பிறகு, "எங்க வீட்டுக்காரர் நல்லா எழுதுவார், அவரே எழுதட்டும்" என்று எத்தனை குழுக்களில் சொல்கிறார்கள்? வங்கிக்குப் போவது அண்ணன், நோட்டு எழுதுவது வீட்டுக்காரர், கையெழுத்து மட்டும் நாம். தெரியவில்லை என்றால் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கற்றுக்கொள்ளும் இடத்தையே விட்டுக்கொடுத்துவிட்டால் பிறகு எப்போது தெரியப்போகிறது?

ஆக, 'பெண் என்பதற்காக மட்டும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்' என்பது சரி. 'பெண்ணுக்குப் பழகிக்கொள்ள வாய்ப்பே தராமல் திறமை இல்லை என்று சொல்லாதே' என்பது அதைவிடச் சரி.

ஒரு தப்புக்கு எவ்வளவு தண்டனை?

ஜில் எல்லிஸ் கதையையும் கேளுங்கள். 2014-ல் வந்தார், 2015-ல் உலகக் கோப்பையை வென்று கொடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் காலிறுதியிலேயே அணி வெளியேறியது. தோற்கடித்தது சுவீடன். அப்போது சுவீடனின் கோச் யார்? நம் பியா சுந்தஹாகேதான்! எல்லிஸை மாற்ற வேண்டும் என்று ரசிகர்களில் பலர் குரல் கொடுத்தார்கள். சம்மேளனம் மாற்றவில்லை. 2019-ல் அவர் மறுபடியும் உலகக் கோப்பையை வென்றார். பெண்கள் உலகக் கோப்பையை இரண்டு முறை வென்ற முதல் கோச் அவர்தான்.

ரயனுக்கு ஒரு தோல்வியில் வேலை போனது. எல்லிஸுக்கு ஒரு தோல்விக்குப் பிறகும் வாய்ப்புக் கிடைத்தது. எது நியாயம்? எங்கள் கருத்து இது. தோல்வி வேறு, நம்பிக்கை உடைவது வேறு. தோல்வியைத் திருத்தலாம். குழுவுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத நிலை வந்துவிட்டால் பழைய ஆளால் அதைச் சரிசெய்வது கஷ்டம்.

நாங்கள் பார்த்த ஒரு குழுவில், ஊக்குநர் ஒரே ஒரு மாதம் வங்கித் தவணையைத் தாமதமாகக் கட்டினார். அவர் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் அது. அபராத வட்டி விழுந்தது. குழு கூடி ஒரே நாளில் அவரை மாற்றியது. நன்றாகப் பேசுகிறார் என்று வேறொருவரைப் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து நாங்கள் போனபோது தீர்மான நோட்டில் பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. பாவம், புதியவர் மேல் தப்பில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு பழைய ஊக்குநரிடமே போய் நின்றோம். "என்னை அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்று அழுதார். அழுதுவிட்டுக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஜெயித்தால் மட்டும் போதுமா?

ஸ்பெயின் நாட்டிலும் ஒரு கோச் பிரச்சினை. 2022 செப்டம்பரில் அந்த நாட்டுப் பெண்கள் அணியின் 15 வீராங்கனைகள் கால்பந்து சம்மேளனத்துக்கு எழுதினார்கள். அணியில் உள்ள நிலைமை தங்கள் மனநிலையையும் உடல்நிலையையும் பாதிக்கிறது, அது மாறும்வரை ஆட வரமாட்டோம் என்றார்கள். சம்மேளனம் கோச் பக்கமே நின்றது. 2023-ல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது! எழுதிய 15 பேரில் அந்த அணியில் இருந்தவர்கள் மூன்று பேர்தான்.

பார்த்தாயா, கோச் சரிதானே என்று அன்றைக்குச் சிலர் சொல்லியிருக்கலாம். ஆனால் கோப்பை வாங்கும் மேடையிலேயே சம்மேளனத் தலைவர் ஒரு வீராங்கனையின் சம்மதம் இல்லாமல் முத்தமிட்டார். வீராங்கனைகள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். கோப்பை வென்ற சில நாட்களிலேயே கோச் நீக்கப்பட்டார், தலைவர் பதவி விலகினார். முதலிலேயே பெண்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால்?

நம் குழுவிலும் திருப்பிச் செலுத்துதல் நூறு சதவீதம் இருக்கலாம், தர மதிப்பீட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு வரவே பயப்படும் ஓர் உறுப்பினர் இருந்தால், அந்தக் குழு இன்னும் ஜெயிக்கவில்லை.

தேர்வுக்கு முன் செய்ய வேண்டியவை

1. முதலில் வேலையைப் பேசுங்கள், பேரைப் பிறகு பேசுங்கள். அடுத்த ஓராண்டில் நம் குழுவுக்கு முக்கியமான வேலை என்ன? நின்றுபோன தவணையா, பிரிந்துபோன மனசுகளா, புதுத் தொழிலா? அதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

2. எல்லோரையும் கேளுங்கள். கூட்டத்தில் வாயே திறக்காத உறுப்பினரிடமும் 'நீங்க என்ன நினைக்கறீங்க?' என்று கேளுங்கள்.

3. ஒரு தப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓராண்டுக் கணக்கை எடுத்து வைத்துப் பாருங்கள். சம்பந்தப்பட்டவர் பேசவும் வாய்ப்புக் கொடுங்கள்.

4. பழையவர் போகும்போது மரியாதையோடு போகட்டும். நோட்டுகளை ஒப்படைக்க ஒரு கூட்டம், புதியவரோடு கூட இருக்க இரண்டு மாதம்.

5. சரியான ஆளுக்குக் காத்திருங்கள். எம்மா ஹேய்ஸ் பெயரை அமெரிக்கா 2023 நவம்பரில் அறிவித்தது. அவர் இங்கிலாந்தில் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு 2024 மே மாதம்தான் வந்தார். அதுவரை இடையில் ஒருவர் பார்த்துக்கொண்டார். ஆகஸ்ட் மாதம் தங்கம் கைக்கு வந்தது. நம் குழுவிலும் பொருத்தமானவர் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தால், இரண்டு மாதம் பிரதிநிதி பார்த்துக்கொள்ளட்டுமே!

உங்கள் கூட்டத்தில் பேச

- கோச் முடிவு தவறு என்று சோலோ நினைத்தது தப்பா, அதை வெளியே சொன்ன விதம் தப்பா? நம் குழுவில் குறை சொல்ல எந்த இடம் சரி?
- மூத்தவர் ஸ்கரியின் இடத்தில் நீங்கள் இருந்தால் சோலோவை மன்னிப்பீர்களா?
- நம் குழுவில் கோபத்தால் ஒதுங்கிப்போனவர் யாராவது உண்டா? அவரை யார் போய்க் கூப்பிடுவது?
- கணக்கு நோட்டு இப்போது யார் கையில்? அடுத்த ஆண்டு யார் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

பேசி முடித்ததை இரண்டு வரி எழுதி உங்கள் களப்பணியாளரிடம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.

ஆமாம், அந்தக் குழு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கோபித்துப் போன இரண்டு பேர் வீட்டுக்கும் மறுநாளே உறுப்பினர்கள் சேர்ந்து போனார்கள். அடுத்த கூட்டத்தில் பேர் எதுவும் சொல்லாமல் முதலில் வேலைகளை எழுதினார்கள். ஐந்து வேலை வந்தது. அதன்பின் பேர் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. 'எங்க தெரு இல்ல' என்று ஒதுக்கப்பட்டவர்தான் இப்போது ஊக்குநர். பழைய ஊக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைச் சரிபார்க்கிறார்.

ஆட்டம் ஒருவருடையது இல்லை தோழிகளே, அணியுடையது. சேர்ந்து ஆடுவோம், சேர்ந்து உயர்வோம்!